33-வது கிலோமீட்டரில் நின்றது காலா, மனசா?

கமலாலயக்கரை (கேள்வி)

வணக்கம். திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். வயது 43, எடை 72 கிலோ, வேலை நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுவது. ஓடுவதெல்லாம் கமலாலயக் குளத்தைச் சுற்றித்தான். விடியற்காலையில் லாரியும் தெருநாயும் ரோட்டில் காயப்போட்ட நெல்லும் இல்லாமல் ஓட வேறு இடம் தோதாக அமையவில்லை. சுற்றிச் சுற்றி வருவது அலுப்புத்தான். படிக்கட்டில் பல் விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் "இன்னும் எத்தனை?" என்பார். பழகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மராத்தானில், அதாவது 42 கிலோமீட்டர் ஓட்டத்தில், கலந்துகொண்டேன். 33-வது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். அரை மராத்தானில் என் சிறந்த நேரம் 2 மணி 2 நிமிஷம். முழு மராத்தானை நாலரை மணி நேரத்தில் முடிப்பதாகத் திட்டம். முதல் பாதியை 2:05-க்குக் கடந்தேன். மேளம், கைதட்டல், கூட்டம் எல்லாம் இருந்ததால் களைப்பே தெரியவில்லை. 30-க்குப் பிறகு தொடை இறுக ஆரம்பித்தது. 33-இல் நடந்ததுதான் என்னைக் குடைகிறது. காலைத் தூக்கினால் தூக்குகிறது, தூக்கத்தான் தோன்றவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று கழித்துப் பார்த்தேன். 42-இல் 33 போனால் எவ்வளவு என்பது வரவில்லை. நாள் முழுக்க மூட்டைக் கணக்குப் போடுகிறவன் நான். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தன்னார்வலராக நின்ற ஒரு பெண் இரண்டு ஆரஞ்சு மிட்டாயும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. ஒன்பது என்ற விடையும் வந்தது! அதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் தெளிந்தது என்றால் உடம்பில் தெம்பு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "உடம்பு நிற்காது, மனசுதான் நிற்கும்." தினமும் ஒரு வீடியோ வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி பிறந்ததிலிருந்து சம்பா நெல் வந்து குவிகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது. மீட்டரைக் காட்டி ஒவ்வொருவரிடமும் பேசிச் சமாளிக்க வேண்டும். மூட்டை தூக்குவது நான் இல்லை, நான் நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் ஓடப் போனால் 8 கிலோமீட்டருக்கு மேல் முடியவில்லை. உட்கார்ந்த வேலையில் கால் எப்படிக் களைக்கும்? இதுவும் மனசா?

நிற்க வேண்டிய வலி எது, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய வலி எது, எப்படிப் பிரிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சோழமண்டல வேகம்

அண்ணே, தப்பா நினைக்காதீங்க, இது மனசுதான். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சொல்லும் 40 சதவீத விதி தெரியுமில்லையா? "இனி முடியாது" என்று தோன்றும்போது நாம் செலவழித்தது வெறும் 40 சதவீதம். மீதி 60 உள்ளேயே இருக்கிறது. 1983-இல் ஆஸ்திரேலியாவில் கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓடி ஜெயித்தார். கூட ஓடியவர்களில் பெரிய பெரிய வீரர்கள் இருந்தார்கள். 61 வயதில் அவருக்கு என்ன தசை இருந்திருக்கும்? எல்லாம் நெஞ்சுரம்.

அடுத்த தடவை உட்காராதீங்க. உட்கார்ந்தால் முடிந்தது கதை.

விசில் டீச்சர்

மன்னார்குடி. பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் காலையில் தெப்பக்குளத்தங்கரையில் நாலு பிள்ளைகளை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு இடத்தில் கிடக்கிறது. ஒன்று அந்த 2:05. இன்னொன்று, வராமல் போன அந்தக் கழித்தல்.

முதலில் 2:05. அரை மராத்தானை உயிரைக் கொடுத்து ஓடினால் உங்களுக்கு 2:02 வருகிறது. அதைவிட மூன்றே நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, இன்னொரு அரை மராத்தான் பாக்கி இருக்கும்போது ஓடியிருக்கிறீர்கள். நாலரை மணி நேரத் திட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 விநாடி. நீங்கள் போனது 5:55. மேளம் அடித்தவர்கள் பாக்கியைக் கட்ட வர மாட்டார்கள்.

அடுத்தது அந்தக் கழித்தல். தோராயமாக, ஓடும்போது எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவாகும். 72 கிலோ ஆளுக்கு 33 கிலோமீட்டர் என்றால் 2,376. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாக, அதாவது சர்க்கரைச் சேமிப்பாக, நாம் வைத்திருப்பது சுமார் 2,000 கலோரி. கொழுப்பும் கூடவே எரியும், அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு கிளைகோஜனைத்தான் எடுக்கும். உலகம் பூராவும் மராத்தான் ஓடுகிறவர்கள் 30-லிருந்து 35-க்குள் சுவரில் முட்டிக்கொண்டேன் என்று சொல்வது இதனால்தான். நீங்களும் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

மூளைக்கும் குளுக்கோஸ்தான் சாப்பாடு. ரத்தத்தில் அது இறங்கினால் கணக்கு வராது, எரிச்சல் வரும், "எதுக்குடா இதெல்லாம்" என்று தோன்றும். மிட்டாய் வாயில் போனதும் தெளிந்தது என்றால் அப்போது குறைந்தது சர்க்கரை. அதற்குப் பெயர் கோழைத்தனம் என்றால் பசிக்கு அழுகிற குழந்தையும் கோழைதான்.

சரி, மனசுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. நிறைய இருக்கிறது. சாமுவேல் மார்கோரா என்ற ஆராய்ச்சியாளர் 2010-இல் ரக்பி வீரர்களைச் சைக்கிள் மிதிக்க விட்டார். சராசரி 242 வாட் சக்தியில், இனி ஒரு மிதிகூட முடியாது என்று கைவிடும் வரை. கைவிட்ட அடுத்த விநாடியே, ஐந்து விநாடிக்கு உச்சபட்ச வேகத்தில் மிதிக்கச் சொன்னார். 731 வாட் வந்தது! 242-க்கு முடியாது என்ற அதே கால். அப்போது கைவிட்டது தசை இல்லை என்பது அவர் கட்சி. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் ரொம்ப வருஷமாகச் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான். உடம்பு நொறுங்குவதற்கு வெகு முன்பே மூளை பிரேக் போட்டுவிடுகிறது என்கிறார். இதைக் காட்ட ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான மராத்தான் முடிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணி, நாலு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்து கிடக்கிறார்கள். நாலு மணி நேரம் என்பது தொடைக்கு எப்படித் தெரியும்? மனசுக்குத்தான் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மார்கோராவிடமே பதில் உண்டு. 2009-இல் 16 பேரை ஒன்றரை மணி நேரம் கணினி முன்னால் உட்காரவைத்து, கவனம் சிதறாமல் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சைக்கிள் ஏற்றினார். இன்னொரு நாள் அதே நேரத்துக்குச் சும்மா படம் பார்க்க வைத்துவிட்டு ஏற்றினார். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கினார்கள். மூளைக்கு வேலை கொடுத்த நாளில் 640. இதயத் துடிப்பு போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நிமிஷத்திலிருந்தே கஷ்டமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்கே இப்படி. பகல் பூராவும் மீட்டரைக் காட்டி ஆள் ஆளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வருகிறவருக்கு 8 கிலோமீட்டர் வந்ததே பெரிது. சீசன் முடியும் வரை ஓட்டத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது சாயங்காலம் மெதுவாக ஓடிவிட்டுப் போய்ப் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

வேகத் தம்பிக்கு இரண்டு வார்த்தை. கிளிஃப் யங்கைப் பெரிய மனுஷனாக நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் இளவயதிலிருந்து பண்ணையில் ஆடுகளைக் கால்நடையாகவே விரட்டித் திரிந்தவர். பாதத்தை அதிகம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஓடினார், மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் போய்க்கொண்டிருந்தார். நெஞ்சுரம் இருந்தது, அதன் அடியில் பல வருஷத்துக் கால் இருந்தது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்து 21 பேர் இறந்துபோனார்கள். அதில் லியாங் ஜிங்கும் ஒருவர். அந்த நாட்டின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர். அவருக்கு மன உறுதி 40 சதவீதத்தில் நின்றுவிட்டதா?

பிரிப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் நடிக்கும். காலடிச் சத்தத்தைக் கேட்பேன். குளத்தங்கரை காலையில் அமைதியாக இருக்கும், இருபது அடி தூரத்தில் வரும்போதே காதில் விழும். டப், டப், டப் என்று ஒரே அளவாக வந்தால் எவ்வளவு முனகினாலும் ஓடவிடுவேன். டப், சரக், டப், சரக் என்று ஒரு கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தால் விசில். அது உடம்பு எதையோ காப்பாற்ற நொண்டுகிறது என்று அர்த்தம். அதன் மேல் ஓடினால் ஒரு வாரத்தில் ஆறுவது மூன்று மாதம் இழுக்கும். களைப்பு என்பது ஒரு நிமிஷம் நடந்தால், ஒரு வாய் தின்றால், பக்கத்தில் ஒரு ஆள் சேர்ந்து ஓடினால் கொஞ்சமாவது இறங்கிக் கொடுக்கும். எலும்பும் தசைநாரும் எதற்கும் இறங்கிக் கொடுக்காது; ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலிக்கும்.

ஒரு சோதனையும் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி, பத்து விநாடி கொப்பளித்து, துப்பிவிடுங்கள். விழுங்கக்கூட வேண்டாம். ஒரு மணி நேரச் சைக்கிள் சோதனையில் இப்படிக் கொப்பளித்துத் துப்பியவர்களே ஏறத்தாழ 3 சதவீதம் வேகமாக ஓட்டியதாக 2004-இல் ஒரு ஆய்வு வந்தது. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை; நாக்கு மூளைக்குத் தகவல் சொன்னதோடு சரி. துப்பியதும் கால் லேசானால், மூளை பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அடுத்த வாயை விழுங்குங்கள், துப்பியே 42 ஓட முடியாது.

மன உறுதியை எங்கே செலவழிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதல் 10 கிலோமீட்டரில். தொப்பையும் தொந்தியுமாக ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும் என்று 6:24-லேயே ஓடுகிறீர்களா, அங்கே தெரியும் உங்கள் உறுதி. 33-இல் பல்லைக் கடிப்பது அதைவிட எளிது.

இரவுச் சக்கரம்

கும்பகோணம். நான் ஓடுவதில்லை, சைக்கிள். பிரெவே என்னும் நெடுந்தூரப் பயணங்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் என்று கெடு. போட்டி இல்லை, கெடுவுக்குள் முடித்தால் போதும்.

டீச்சர் சொன்ன எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நம் பக்கம் சாலை தட்டையாக இருக்கிறதே, சுலபம் என்று வெளியூர் ஆட்கள் நினைத்துக்கொண்டு வருவார்கள். ஏற்றமே இல்லாததால் இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தவே முடியாது. திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் பக்கம் போனால் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எதிரே நிற்கும். உப்பளம், வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் இருக்காது. அந்த இடத்தில் மனசு நிஜமாகவே உதவும். அடுத்த டீக்கடை வரை என்று மட்டும் நினைத்துக்கொண்டு மிதிப்பேன்.

ஆனால் மனசு தோற்றே தீரும் ஒரு இடம் எனக்குத் தெரியும், தூக்கம். 400-இல் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும். வாய்க்கால் ஓரமாகப் போகும் சாலை. எனக்கு முன்னால் ஒரு ஐம்பது அடியில் நண்பர் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பின்விளக்கின் சிவப்பு, மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. வளைவு இல்லை, குழியும் இல்லை. ஓரத்துப் புல்லில் சக்கரம் ஏறிய சத்தத்தில்தான் நான் கத்தினேன். அவர் திரும்பி, சிரித்துக்கொண்டே, "என்ன சார், ஏன் கத்துறீங்க?" என்றார். தூங்கினீர்களா என்றால், இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். பொய் சொல்லவில்லை அந்த மனுஷன். மூளை சில விநாடி அணைந்துவிட்டு எரிகிறது. அணைந்தது அதற்கே தெரிவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு ஒப்பந்தம். ஒருவர் தடம் மாறிப் போவதை இன்னொருவர் பார்த்துச் சொன்னால், வாதாடக் கூடாது. அடுத்த பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்ணையில் அலாரம் வைத்து இருபது நிமிஷம் தூங்க வேண்டும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

சோழமண்டல வேகம்

டீச்சர், கான்சு விஷயம் தெரியாது எனக்கு. படித்துப் பார்த்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் ஒன்று. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் ஓடிய காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றைத் தள்ளாடித் தள்ளாடி முடித்தார் இல்லையா? கை கால் கோணிக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிஷத்துக்கும் மேல். தொட்டால் தகுதி இழந்துவிடுவார் என்று டாக்டர்கள் கூடவே நடந்தார்கள். வியர்வை வருகிறது, அதனால் ஆபத்தில்லை என்று விட்டதாகப் படித்தேன். 37-வது இடம். ஸ்டேடியமே எழுந்து நின்றது. அதைக் கூடத் தப்பு என்பீர்களா?

நாகை சிஸ்டர்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். பாதம் பூராவும் கொப்புளம், ஆனாலும் முகத்தில் ஒரு வருத்தம் இருக்காது. பக்தி வலியைத் தாங்க வைக்கும். வெயிலைத் தாங்க வைக்காது.

வேகத் தம்பி சொன்ன வியர்வை விஷயத்தை இங்கே யாரும் நம்பிவிட வேண்டாம். அந்த அம்மா சீக்கிரமே தேறிவிட்டார், நல்லது. ஆனால் ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் ஆள் தொப்பலாக வியர்த்துக்கொண்டே இருக்கலாம். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்பது, வெயிலில் நாள்கணக்கில் வாடிய முதியவர்களைப் பார்த்து வந்த பாடம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, அதோடு பேச்சிலோ நடத்தையிலோ குழப்பம் தெரிந்தால் அது உயிர் போகும் விஷயம். 1954-இல் வான்கூவரில் நடந்த மராத்தானில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் 17 நிமிஷம் முன்னிலையில் ஸ்டேடியத்துக்குள் வந்தார், விழுந்து விழுந்து எழுந்தார், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தார், ஆனால் அதற்கப்புறம் பந்தயமே ஓடவில்லை.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுந்தால் நீர்தான் நஷ்டம், சூடு இறங்காது. அதனால் இங்கே அதிகாலையில் ஓடினாலும் சூடு ஏறும். அப்புறம் சைக்கிள்காரர் சொன்னதுதான் இதிலும். சூடு முதலில் கெடுப்பது தீர்ப்புச் சொல்லும் மூளையை. வெப்பத்தாக்கோடு வருகிற முக்கால்வாசிப் பேர் "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்க" என்றுதான் சண்டை போடுவார்கள். அப்போது "முடியுமா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "உங்க பொண்ணு எந்த வகுப்பு? வீட்டுக்கு எதிர்ல என்ன கடை?" என்று கேளுங்கள். தடுமாறினால் நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. குளிர்விப்பதுதான் முதல் சிகிச்சை, ஏற்றிப்போவது அடுத்தது. கழுத்துக்குக் கீழே முழுக்கத் தண்ணீரில் இருக்க வேண்டும், ஐஸ் கலந்த தண்ணீர் என்றால் உத்தமம். தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாயில் ஆளைப் படுக்கவைத்து, நாலு பக்கமும் நாலு பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் தண்ணீரும் ஐஸும் ஊற்றி மெல்ல ஆட்டுவார்கள். வெளிநாட்டுப் பந்தயங்களில் இதற்கென்றே தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் நெல் மூட தார்ப்பாய் இல்லாத வீடு ஏது? வயல் ஓரமாக இருந்தால் மோட்டார் கொட்டகைத் தொட்டியே போதும். தலையை மட்டும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். குழம்பிய நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயந்துகொண்டு லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. அவர்களில் பலருக்கு ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தது. மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் அதிலும் வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீர் வற்றிய சிறுநீரகத்தை அது இன்னும் படுத்தும். ஓடிய பிறகு சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் வந்தால் தசை சிதைந்து கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மன உறுதியெல்லாம் அப்புறம்.

கமலாலயக்கரை

படிக்கப் படிக்க எனக்கே தெளிந்துகொண்டு வருகிறது. டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி இரண்டு இட்லி, வழியில் ஒரு வாழைப்பழம், மற்றபடி வெறும் தண்ணீர்தான்.

சைக்கிள் நண்பரின் ஒப்பந்தம் பிடித்திருக்கிறது. அடுத்த பந்தயத்துக்கு மனைவி கூட வருகிறார். 25-லும் 35-லும் அவர் நிற்கட்டும், கேள்வி கேட்கட்டும், அவர் நிறுத்தச் சொன்னால் நிற்கிறேன். (கேட்டதும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இருபது வருஷமாக இந்த அதிகாரத்துக்குத்தான் காத்திருந்தாராம்.)

இரண்டு சந்தேகம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? அந்த விலை கூடிய ஜெல் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. அப்புறம், இளநீர் போதுமா, ஓ.ஆர்.எஸ். வேண்டுமா?

விசில் டீச்சர்

மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். பழம், பேரீச்சை, சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி எடுக்கலாம். ஜெல் கட்டாயமில்லை. ஆனால் ஓடும்போது தின்பதற்கு வயிற்றையும் பழக்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்திலேயே ஆரம்பியுங்கள். குளத்தைச் சுற்றுவதில் உங்களுக்கு ஒரு வசதி, ஒவ்வொரு சுற்றுக்கும் பை அதே படிக்கட்டில் இருக்கும். பசிக்கும் முன்னால் சாப்பிட வேண்டும். நடவு நடுகிற பெண்களைப் பாருங்கள், குனிந்த முதுகு நிமிராமல் நடுவார்கள், ஆனால் கஞ்சி வேளை வந்தால் வரப்பில் ஏறிவிடுவார்கள். கண் இருட்டும் வரை எவளும் காத்திருப்பதில்லை.

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. குடிப்பது அதைத் தாண்டக் கூடாது. ஏப்ரல், மே வெயிலில் வேகத்தை மறந்துவிடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் ஆகும். காய்ச்சல் கண்டால் எந்தத் திட்டமும் கிடையாது, படுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கேள்விக்கு சிஸ்டர் வரட்டும்.

நாகை சிஸ்டர்

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் நீள ஓட்டத்துக்கு இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் ஓடி முடித்த பிறகு அருமையாக இருக்கும். ஓடும்போது சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். அதே மாதிரி டப்பாவில் இனிப்புப் பானங்களும் அடுக்கியிருப்பார்கள். பெரிய பாக்கெட் ஒன்றை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று ஒரு டம்ளரில் கரைத்துக் குடிக்கிறார்கள், அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. ஓ.ஆர்.எஸ்.ஸில் மாவுச்சத்து ரொம்பக் குறைவு, அதனால் டீச்சர் சொன்ன வாழைப்பழத்தை விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.